ரகரம் ஒலிக்கும் ஆங்கிலம், ஒலிக்காத ஆங்கிலம்: சொல் தேவை

மடல் 1 (தொகுப்பாளர், திருச்சி)

குழும நண்பர்களுக்கு வணக்கம்.

இளங்கலை மாணவர்களுக்கான மொழியியல் சொற்பட்டியலில் ஆங்கில வழக்குகள் பகுதிக்கு வந்திருக்கிறேன். மூன்று நாளாக ஒரே இடத்தில் நிற்கிறேன். 'ரோட்டிக்', 'நான்-ரோட்டிக்' என்று ஆங்கில மொழியியலார் வழங்கும் இணைக்குத் தமிழில் என்ன சொல்வது? கிரேக்க எழுத்தான 'ரோ'வை வைத்துக் கட்டிய சொல் அது. அப்படியே எழுதிவிடலாம் என்று முதலில் நினைத்தேன். 'ரோட்டிக் ஆங்கிலம்' என்று அச்சில் பார்த்தபோது மனம் ஒப்பவில்லை. அதைப் படிக்கும் மாணவருக்குப் பொருளின் ஒரு நுனிகூடக் கையில் கிடைக்காது.

பொருள் எளிதுதான். 'கார்' என்ற சொல்லைக் கிளாஸ்கோவிலும் டப்ளினிலும் சிகாகோவிலும் ரகரம் காதில் விழச் சொல்கிறார்கள். லண்டனிலும் சிட்னியிலும் 'கா' என்று நீட்டி நிறுத்திவிடுகிறார்கள். நாக்கு மேலே எழுவதே இல்லை. அதனால் தந்தையைக் குறிக்கும் 'ஃபாதர்' என்ற சொல்லும் 'இன்னும் தொலைவாக' என்று பொருள்படும் 'ஃபார்தர்' என்ற சொல்லும் லண்டன்காரர் வாயில் ஒன்றாகிவிடும். நீதிமன்றத்துக்கான சொல்லும், 'பிடித்தான்' என்பதற்கான சொல்லும் அப்படியே.

இது தொன்றுதொட்டு வந்த பிளவு அல்ல. ஒரு காலத்தில் ஆங்கிலம் பேசிய எல்லாருமே ரகரத்தை ஒலித்தவர்கள்தாம். 1791இல் உச்சரிப்பு அகராதி வெளியிட்ட ஜான் வாக்கர், லண்டனில் 'பார்ட்', 'கார்ட்' போன்ற சொற்களில் ரகரம் ஏறக்குறைய 'ஆ'வின் நீட்டமாகவே கரைந்துவிட்டது என்று குறித்துவைத்திருக்கிறார். தென்கிழக்கு இங்கிலாந்தில் தொடங்கிய மாற்றம் தீவு முழுவதையும் இன்றும் பிடித்துவிடவில்லை. 1950 முதல் 1961 வரை லீட்ஸ் பல்கலைக்கழகத்தின் ஹெரால்ட் ஆர்ட்டனும் அவருடைய குழுவினரும் இங்கிலாந்தில் 313 ஊர்களுக்குப் போய், பெரும்பாலும் வயதான நாட்டுப்புறத்து ஆட்களிடம் பேச்சைக் கேட்டு எழுதினார்கள். அந்த வரைபடங்களில் தென்மேற்கே டெவன், சாமர்செட் பக்கம் ரகரம் உறுதியாக நிற்கிறது. வடக்கே லங்காஷயரில் பிளாக்பர்ன் பக்கமும் ஒரு திட்டு உண்டு. ஸ்காட்லாந்தும் அயர்லாந்தும் அதை விடவே இல்லை.

என் முன்மொழிவு: 'ரகரமுள்ள வழக்கு', 'ரகரமற்ற வழக்கு'. குறை இருந்தால் சொல்லுங்கள்.

மடல் 2 (தமிழாசிரியர், பணி ஓய்வு, கும்பகோணம்)

தம்பிக்கு வாழ்த்துகள்.

நம் இலக்கணத்திலேயே சொல் இருக்கும்போது எதற்குப் புதிதாகத் தேட வேண்டும்? 'தோன்றல் திரிதல் கெடுதல் விகாரம் மூன்றும் மொழிமூ விடத்தும் ஆகும்' என்பது நன்னூல். இருந்த எழுத்து இல்லாமல் போவது கெடுதல். ஆகவே லண்டன் பேச்சு 'ரகரம் கெடும் வழக்கு', ஸ்காட்லாந்துப் பேச்சு 'ரகரம் கெடா வழக்கு'. இரண்டு வார்த்தையில் முடிந்தது.

இன்னொன்று. இதை ஏதோ வெள்ளைக்காரர் வீட்டு விந்தை என்று மாணவர் எண்ணிவிடக்கூடாது. நாம் 'பார்த்தேன்' என்று எழுதிவிட்டு 'பாத்தேன்' என்றுதானே பேசுகிறோம்? சேர்த்து, போர்த்தி, தீர்ந்து எல்லாம் வீட்டுப் பேச்சில் சேத்து, போத்தி, தீந்து. முப்பத்திரண்டு ஆண்டு வகுப்பில் நின்று 'ரகரத்தை விழுங்காதே' என்று சொன்னவன் நான். மணி அடித்ததும் வாசலுக்கு வந்து, 'சாப்பாட்டை சேத்து வெச்சியா' என்று வீட்டுக்குத் தொலைபேசியில் கேட்டவனும் நான்தான். கடைசியில் நிற்கும் ரகரத்தை மட்டும் நாம் விடுவதில்லை. ஊர் என்பதை 'ஊரு' என்கிறோம், கார் என்பதை 'காரு' என்கிறோம். புள்ளியின் மேல் ஓர் உகரத்தை ஏற்றிக் காப்பாற்றிவிடுகிறோம். பட்டியலில் இந்த ஒப்பீட்டை ஒரு வரியாவது சேருங்கள்.

மடல் 3 (கிளாஸ்கோவிலிருந்து)

ஐயாவுக்கும் தம்பிக்கும் வணக்கம். நான் யாழ்ப்பாணத்தில் பிறந்து இருபது வருசத்துக்கு மேலாக இங்கே இருக்கிறேன். இந்த விசயம் எங்கள் வீட்டுச் சாப்பாட்டு மேசையிலேயே நடக்கிறபடியால் எழுதுகிறேன்.

என்னுடைய மகன் இங்கே பிறந்தவன். தங்கச்சியின் மகள் லண்டனில் வளர்ந்தவள். போன கோடை விடுமுறைக்கு அவள் வந்திருந்தபோது இரண்டு பேரும் ஒருவரை ஒருவர் பிடித்துக்கொண்டார்கள். 'கேர்ள்' என்ற சொல்லை இவன் சொன்னால் ரகரமும் லகரமும் தனித்தனியே உருண்டு, கிட்டத்தட்ட இரண்டு அசையாகக் கேட்கும். அவள் சொன்னால் ரகரம் இருந்த தடமே இல்லை. 'நீ எழுத்தை விழுங்கிறாய்' என்று இவன். 'நீ நாட்டுப்புறத்தான் மாதிரிக் கதைக்கிறாய்' என்று அவள். அவளுக்கு ஒன்பது வயசு. அந்தச் சொல்லை அவள் தானாகக் கண்டுபிடிக்கவில்லை. ஸ்கொட்லாந்துக்காரரின் கதையை அப்படிப் பார்க்கிற ஒரு பார்வை லண்டன் பள்ளிக்கூட முற்றத்தில் இருக்கிறது. அதைத்தான் அவள் கொண்டுவந்தாள். என்ர பிள்ளை அன்றிரவு என்னிடம், 'அம்மா, நான் கதைக்கிறது பிழையா?' என்று கேட்டான்.

அதனால் ஐயாவின் சொல்லில் எனக்கு ஒரு தயக்கம். இலக்கணம் படித்தவருக்குக் 'கெடுதல்' ஒரு விகாரத்தின் பெயர்தான். படிக்காத பிள்ளைக்கு அது கெட்டுப்போவது. 'கெடா வழக்கு' என்றால் அது சுத்தமானது, மற்றது பழுதானது என்றுதான் விளங்கும். இங்கே என்ர மகனுக்கு அது சார்பாக இருக்கும் என்றாலும் எனக்கு வேண்டாம்.

தம்பியின் சொல்லிலும் ஒரு பிழை இருக்கிறது. 'ரகரமற்ற' என்றால் ரகரமே இல்லை என்றல்லவா ஆகிறது? லண்டன் பிள்ளை 'ரெட்' என்பதையும் 'வெரி' என்பதையும் வடிவாக ரகரத்தோடுதான் சொல்லுகிறாள். விடுபடுவது எல்லா ரகரமும் இல்லை.

மடல் 4 (தொகுப்பாளர், திருச்சி)

அக்கா, உங்கள் மடலைப் படித்துவிட்டு என் முன்மொழிவைத் திரும்பப் பெற்றுக்கொண்டேன். 'ரகரமற்ற' என்பது உண்மைக்கே மாறானது. ஐயா, உங்கள் சொல்லையும் நான் ஏற்க முடியாமல் இருப்பதற்கு அக்கா சொன்னது ஒரு காரணம். இன்னொன்றும் இருக்கிறது, கொஞ்சம் விரிவாகச் சொல்ல வேண்டியது.

எந்த வழக்கு உயர்ந்தது என்பது ஊருக்கு ஊர் தலைகீழாக நிற்கிறது. இங்கிலாந்தில் ரகரத்தை ஒலிப்பவரை நாட்டுப்புறத்தார் என்பார்கள். அட்லாண்டிக்கைத் தாண்டினால் கதை வேறு. அமெரிக்காவின் கீழைக் கடற்கரையில் பாஸ்டன், நியூயார்க், சார்ல்ஸ்டன் போன்ற துறைமுக நகரங்கள் ரகரத்தை விட்டன. லண்டனோடு அவற்றுக்கு இருந்த நெருக்கத்தை இதற்குக் காரணமாகக் காட்டுவார்கள். உள்நாடு விடவில்லை. இருபதாம் நூற்றாண்டின் முதற்பாதி வரைக்கும் அந்தக் கடற்கரையில் ரகரம் விடுவதே மேன்மக்கள் பேச்சு. நியூயார்க் மாநிலத்தில் பிறந்த குடியரசுத் தலைவர் ஃபிராங்க்ளின் ரூஸ்வெல்ட் 1933இல் பதவியேற்றபோது, 'அஞ்ச வேண்டியது அச்சத்துக்கு மட்டுமே' என்ற பொருளில் பேசிய வாக்கியம் ஒலிப்பதிவாக இருக்கிறது. ரகரத்தை விடும் அந்த மேன்மக்கள் பேச்சுதான் அவருடையது. இரண்டாம் உலகப் போருக்குப் பின் காற்று திரும்பியது. அதே நியூயார்க்கில் ரகரத்தை விடுவது ஏழைப் பேச்சு என்றாகிவிட்டது.

அது எந்த அளவுக்கு என்று மொழியியலாளர் வில்லியம் லபோவ் 1962இல் ஒரு சின்ன உத்தியால் காட்டினார். நியூயார்க்கில் மூன்று பல்பொருள் அங்காடிகளை எடுத்துக்கொண்டார்: பணக்காரர் போகும் சாக்ஸ், நடுத்தரக் குடும்பத்தார் போகும் மேசிஸ், விலை மலிந்த எஸ். கிளைன். நான்காம் மாடியில் என்ன விற்கிறார்கள் என்பதை முதலில் தெரிந்துகொள்வார். பிறகு கீழே நிற்கும் விற்பனையாளரிடம் போய், அந்தப் பொருள் எங்கே கிடைக்கும் என்று கேட்பார். 'ஃபோர்த் ஃப்ளோர்' என்று பதில் வரும். காதில் விழாதவர்போல முன்னால் குனிந்து மறுபடி கேட்பார். இந்தத் தடவை நிறுத்தி, அழுத்திச் சொல்வார்கள். இரண்டு சொல், இரண்டு தடவை, ரகரத்துக்கு நான்கு வாய்ப்பு. நகர்ந்துபோய் மறைவாக நின்று குறித்துக்கொள்வார். இப்படி 264 பேர். ஓரிடத்திலாவது ரகரத்தை ஒலித்தவர்கள் சாக்ஸில் 62 விழுக்காடு, மேசிஸில் 51, கிளைனில் 20. அங்கே நின்ற எவருக்கும் தம் பேச்சு அளக்கப்படுகிறது என்று தெரியாது.

இதிலிருந்து நமக்கு இரண்டு செய்தி. ஒரே ஊரில் இருக்கும் கடைகளுக்குள்ளேயே இவ்வளவு வேறுபாடு என்றால், 'வட்டார வழக்கு' என்ற சொல்லை இதன் பெயரில் ஒட்டக்கூடாது. வெறும் 'வழக்கு' போதும். அடுத்தது, லண்டனில் தாழ்ந்தது நியூயார்க்கில் உயர்ந்தது. நாம் வைக்கும் பெயர் இரண்டு ஊரிலும் செல்ல வேண்டுமானால் அதில் புகழ்ச்சியும் இருக்கக்கூடாது, பழியும் இருக்கக்கூடாது. 'கெடும்' போகட்டும், 'விழுங்கும்', 'தவறவிடும்' போன்றவையும் வேண்டாம்.

இனி என் புது முன்மொழிவு. அக்கா சொன்னதைத்தான் இலக்கணச் சொல்லால் சொல்கிறேன். 'ரெட்' என்பதில் வருவது உயிரேறிய ரகரம். 'கார்' என்பதில் வருவது புள்ளி வைத்த ரகரம், அதாவது ஒற்று. லண்டனில் விடுபடுவது ஒற்று மட்டுமே. ஆங்கிலத்தில் எழுதினால் 'உயிரெழுத்து பின்தொடராத இடத்து ரகரம்' என்று ஒரு முழு வரி வேண்டும். தமிழில் 'ரகர ஒற்று' என்றாலே முடிந்துவிட்டது. புள்ளி என்ற ஒன்றை வைத்திருக்கும் எழுத்துமுறை நமக்குக் கொடுத்திருக்கும் வசதி இது. தொல்காப்பியமும் 'ரகார ழகாரம் குற்றொற்று ஆகா' என்று இந்த எழுத்தை ஒற்று என்றே பேசுகிறது. எட்டாம் வகுப்பு மாணவருக்கும் 'ஒற்றுப்பிழை' தெரியும்.

ஆகவே: 'ரகர ஒற்றுள்ள வழக்கு', 'ரகர ஒற்றிலா வழக்கு'.

ஓர் ஓரக்குறிப்பு. என் தாத்தா ரங்கூனிலிருந்து திரும்பியவர். எங்கள் தெருவில் இன்றும் எங்கள் வீடு 'பர்மாக்காரர் வீடு'. அந்த நாட்டார் தம் நாட்டைப் பேச்சில் 'பமா' என்பார்கள். அகரத்தை நீட்டிக் காட்டத்தான் ஆங்கிலேயர் நடுவில் ஒரு ரகர எழுத்தை வைத்து எழுதினார்கள். அவர்கள் வாயில் அந்த எழுத்துக்கு ஒலியே கிடையாது. நாமோ எழுத்தைப் பார்த்துப் படிப்பவர்கள். பர்மா என்றோம், பர்மா பஜார் என்று சென்னைக் கடற்கரை ரயில் நிலையத்துக்கு எதிரே பெயரும் வைத்தோம். 1989இல் பெயர் மாறி 'மியான்மர்' ஆனபோதும் அதே கதை. கடைசி ரகரம் அங்கே நீட்டலின் அடையாளம் மட்டுமே. தாத்தா கடைசி வரை 'பர்மா' என்றுதான் சொன்னார். பர்மியர் ஒருவரும் சொல்லாத ரகரம் அது, லண்டன்காரரும் சொல்லாத ரகரம். மாணவருக்கு இந்த இணையை விளக்க இதைவிட நல்ல சான்று எனக்குத் தெரியவில்லை.

மடல் 5 (தமிழாசிரியர், கும்பகோணம்)

கிளாஸ்கோ மகளுக்கு: உன் பிள்ளையிடம் அவன் பேச்சில் பிழை ஒன்றும் இல்லை என்று இந்தக் கிழவன் சொன்னதாகச் சொல் அம்மா. 'கெடுதல்' என்ற சொல்லை நான் விட்டுவிட்டேன். அச்சொல்லை ஐம்பது ஆண்டாக இலக்கணச் சொல்லாக மட்டுமே கேட்டுப் பழகிய காது என்னுடையது. பிள்ளை கேட்கும் காது வேறு என்பதை நினைக்கவில்லை.

'ஒற்று' மிகப் பொருத்தம். ஆனால் தம்பி, 'ஒற்றுள்ள', 'ஒற்றிலா' என்பவை சரிப்படாது. எழுத்தில் எல்லாருக்கும் ஒற்று உண்டே. லண்டன்காரர் என்ன, எழுத்தையா மாற்றி எழுதுகிறார்? ஒலியில்தான் இல்லை. அதைச் சொல்லிலேயே காட்டிவிடுங்கள்: 'ரகர ஒற்று ஒலிக்கும் வழக்கு', 'ரகர ஒற்று ஒலியா வழக்கு'.

ஒற்று என்று வைத்துக்கொண்டால் இன்னொரு முடிச்சும் தானாக அவிழ்கிறது. லண்டன்காரர் 'ஃபார்' என்பதைத் தனியே சொன்னால் 'ஃபா'. 'ஃபார் அவே' என்று சேர்த்துச் சொன்னால் ரகரம் திரும்பி வருகிறதாமே? நம் ஊர் + எல்லை = ஊரெல்லை. 'உடல்மேல் உயிர்வந் தொன்றுவ தியல்பே'. அடுத்த சொல்லின் அகரம் வந்து ஏறியதும் அது ஒற்றாகவே இல்லை, உயிர்மெய் ஆகிவிட்டது. ஒற்று ஒலியா வழக்கிலும் உயிர்மெய் ஒலிக்கும் அல்லவா. எங்கிருந்தும் திரும்பி வரவில்லை. விதி தன் வேலையைத்தான் செய்கிறது. இதை அவர்கள் 'இணைப்பு ரகரம்' என்பார்கள் போலும். நாம் 'உயிரேறு ரகரம்' எனலாம்.

மடல் 6 (கிளாஸ்கோவிலிருந்து)

ஐயா, பிள்ளையிடம் சொன்னேன். 'அந்தத் தாத்தா கிளாஸ்கோவுக்கு வருவாரா' என்று கேட்கிறான்.

அப்படியானால் இதற்கு என்ன சொல்லுகிறீர்கள்? என்னுடைய தங்கச்சியின் மகள் 'இண்டியா அண்ட் சைனா' என்று சொல்லும்போது நடுவில் ஒரு ரகரம் வருகிறது: 'இண்டிய ரண்ட் சைனா'. லண்டன் வானொலியில் செய்தி வாசிக்கிறவர்களும் அப்படித்தான் வாசிக்கிறார்கள். சட்டம் ஒழுங்கு என்கிற 'லா அண்ட் ஆர்டர்' அங்கே 'லோ ரண்ட் ஓடா'. எழுத்தில் அந்த இடத்தில் ரகரம் இல்லவே இல்லை. என்ர மகன் இதைச் சொல்லவே மாட்டான். அவன் இருக்கிற ரகரத்தைச் சொல்லுவான், இல்லாததைச் சேர்க்கமாட்டான். இதை இங்கே 'அத்துமீறி நுழைந்த ரகரம்' என்கிற மாதிரி ஒரு பெயரால்தான் சொல்லுகிறார்கள். அதுவும் ஒரு பழிச்சொல்தானே?

மடல் 7 (தொகுப்பாளர், திருச்சி)

அக்கா, இந்தக் கேள்விக்காக நான் உங்களுக்குக் கடன்பட்டிருக்கிறேன். நேற்றிரவு இதை எழுதிப் பார்த்துக்கொண்டே உட்கார்ந்திருந்தேன்.

ஆங்கிலத்தில் 'சீ இட்' என்று இரண்டு உயிர் சந்தித்தால் நடுவில் ஒரு யகரம் வழுக்கி வருகிறது: 'சீயிட்'. 'டூ இட்' என்றால் வகரம்: 'டூவிட்'. 'லா அண்ட்' என்றால் ரகரம். முன்னால் நிற்கும் உயிர் எது என்பதைப் பொறுத்து எந்த மெய் என்பது முடிவாகிறது. இது நமக்குப் புதிதா? 'இஈ ஐவழி யவ்வும் ஏனை உயிர்வழி வவ்வும்' என்று தொடங்குகிறதே நன்னூல் நூற்பா! மணி + அடித்தது = மணியடித்தது. பூ + அழகு = பூவழகு. நிலா + ஒளி என்றால் நாம் 'நிலாவொளி' என்று வகரத்தையே போடுகிறோம். லண்டன்காரர் அந்த ஆகார இடத்தில் ரகரத்தைப் போடுகிறார். அவ்வளவுதான் வேறுபாடு. அது அத்துமீறவும் இல்லை, நுழையவும் இல்லை. இரண்டு உயிரை உடன்படுத்த வந்த மெய். அதற்கு நம்மிடம் பெயரும் இருக்கிறது, உடம்படுமெய். லண்டன் பேச்சில் உடம்படுமெய் மூன்று: ய், வ், ர். ஆகவே 'உடம்படு ரகரம்'.

ஐயாவின் திருத்தத்தை அப்படியே ஏற்கிறேன். 'நீளமாக இருக்கிறது, பாடநூல் அட்டவணைக் கட்டத்தில் அடங்காது' என்று சென்னை நண்பர் தனிமடலில் எழுதினார். அட்டவணையில் 'ஒற்றொலி', 'ஒற்றொலியா' என்று சுருக்கிக்கொள்ளலாம். தலைப்பில் ரகரம் என்று இருந்தால் குழப்பம் வராது. ரகரமா றகரமா என்ற கேள்விக்கு நீண்ட விடை தேவையில்லை. ஆங்கில ஒலி நம் இடையினத்தோடு சேர்வது. தொல்காப்பியர் 'நுனிநா அணரி அண்ணம் வருட' என்று ரகரத்தையும் ழகரத்தையும் ஒரே பிறப்பிடத்தில் வைத்தது, அமெரிக்கர் 'கார்' சொல்வதைக் கூர்ந்து கேட்டவருக்கு நன்றாகப் புரியும். அவர்கள் ரகரத்தில் பாதி நம் ழகரம்.

பட்டியலில் இப்படிப் போகிறது:

ரகர ஒற்று ஒலிக்கும் வழக்கு: உயிர் ஏறாத ரகரத்தையும் ஒலிக்கும் ஆங்கில வழக்கு. ஸ்காட்லாந்து, அயர்லாந்து, தென்மேற்கு இங்கிலாந்து, அமெரிக்காவின் பெரும்பகுதி, கனடா, பார்படோஸ். நியூசிலாந்தில் ஸ்காட்லாந்துக்காரர் குடியேறிய தென்கோடிப் பகுதியும்.

ரகர ஒற்று ஒலியா வழக்கு: உயிர் ஏறிய ரகரத்தை மட்டும் ஒலிக்கும் ஆங்கில வழக்கு. இங்கிலாந்தின் பெரும்பகுதி, ஆஸ்திரேலியா, நியூசிலாந்தின் ஏனைய பகுதி, தென்னாப்பிரிக்கா. (ஒப்பிடுக: தமிழ்ப் பேச்சில் பார்த்தேன், பாத்தேன்.)

உயிரேறு ரகரம்: அடுத்த சொல்லின் உயிர் வந்து ஏறியதால் ஒலிக்கும் ரகரம்.

உடம்படு ரகரம்: எழுத்தில் இல்லாமல், இரண்டு உயிர்களுக்கு நடுவே ஒலியில் மட்டும் தோன்றும் ரகரம்.

மீதி இருப்பது ஒன்று. அமெரிக்கர் 'பேர்ட்' என்று பறவையைச் சொல்லும்போது உயிரும் ரகரமும் தனித்தனியாக இல்லை. நாக்கை வளைத்தபடியே உயிரை ஒலிக்கிறார்கள், உயிர் முழுக்க ரகரச் சாயல். 'ரகரச் சாயல் உயிர்' என்று தற்காலிகமாகக் குறித்துவைத்திருக்கிறேன். குமரி மாவட்டத்து நண்பர்கள் யாராவது குழுமத்தில் இருந்தால், உங்கள் பக்கம் 'பழம்', 'மழை' சொல்லும்போது முன்னால் நிற்கும் அகரத்தில் ழகரத்தின் சாயல் ஏறுகிறதா என்று பேசிப் பார்த்து, முடிந்தால் ஒலிப்பதிவோடு வெள்ளிக்கிழமைக்குள் அனுப்புங்கள். அதைக் கேட்டுவிட்டு இந்தச் சொல்லை முடிவு செய்யலாம்.